பொடி டாக்டர்

தம்பி, கண்டக்டர் தம்பி! அந்த ரேடியோவக் கொஞ்சம் அமத்துங்க. பாட்டுப் போடுறத நான் வேணாங்கல. நல்லாப் போடுங்க. பாட்டுக்கு நடுவுல ஒரு பொம்பள வந்து "சர்க்கரை நோயா? இனி எதற்குக் கவலை?"ன்னு கொஞ்சுது பாருங்க, அதத்தான் அமத்தச் சொல்றேன். என்னது, டிரைவர் கையில இருக்கா? அப்ப டிரைவர்ட்ட சொல்லுங்க. இல்ல நானே எந்திரிச்சு வந்து சொல்லட்டுமா?

ம். அமத்திட்டாரு.

நீங்க ஏம்மா ஜன்னல் பக்கமா ஒதுங்குறீங்க? பயப்படாதீங்க, எனக்குக் கிறுக்கெல்லாம் பிடிக்கல. அருப்புக்கோட்டையில வந்து சந்தனமாரி மாவுக் கடைன்னு கேட்டுப் பாருங்க, யாருன்னாலும் வழி சொல்லுவாங்க. இட்லி மாவு, தோசை மாவு, ஆப்ப மாவு. என் கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. வாங்குனவங்க சொல்லி அடுத்தவங்க வருவாங்க, அவ்வளவுதான்.

அந்த விளம்பரம் காதுல விழுந்தா எனக்கு ஒடம்பெல்லாம் எரியும்மா. ஏன்னு கேளுங்க. சரி, நீங்க கேக்க வேணாம், நானே சொல்றேன். காரியாபட்டி வர்ற வரைக்கும் எனக்கும் பொழுது போகணும்ல.

எங்க வீட்டுக்காரரு பேரு கொம்பையா. புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னு எங்க அம்மா வளத்துச்சு. கோர்ட்டுல அத்தன பேரு முன்னால சத்தமாச் சொல்லியாச்சு, இனிமே என்ன? இவரு பஸ் ஷெட்டுல மெக்கானிக்கா இருந்தவரு. லேசுல யாரையும் நம்ப மாட்டாரு. ஒரு போல்ட்டு வாங்கினாக் கூட வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துத்தான் வாங்குவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி என்னையவே அப்பிடித்தான் பாத்தாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு டிவிப் பெட்டிய நம்பிக் கெட்டாரும்மா.

சர்க்கரை வந்து ரொம்பக் காலம் ஆச்சு. பெரியாஸ்பத்திரியில மாத்திர குடுப்பாங்க. வரிசையில நின்னு, சீட்டக் காட்டி, டாக்டர் முகத்த நிமிந்து பாக்குறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துரும். அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, கூட்டம் அப்பிடி. ஆனா இவருக்கு அது பொறுக்காது. "ஒரு வண்டிய ஷெட்டுக்குக் கொண்டு வந்தா என்ன ரிப்பேருன்னு ஓனருக்குச் சொல்லித்தான் கழட்டுவேன். என் ஒடம்புக்கு என்னன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே"ன்னு பொலம்புவாரு.

அந்த நேரம் பாத்து வந்து சேந்தான் டாக்டர் ஞானவேந்தன். லோக்கல் டிவியில, காலையில. வெள்ளக் கோட்டு, கழுத்துல கொழா, முதுகுக்குப் பின்னாடி கண்ணாடி அலமாரி நெறையத் தடித்தடியாப் புத்தகம். மேசையில ஒரு பச்ச டப்பா. கசப்பமுதம் பொடி. "வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்கி உங்கள் சிறுநீரகத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டுமா, அய்யா?"ன்னு கேப்பான். என்னா குரலு! அப்பிடியே சுடுசோத்துல நெய்ய விட்ட மாதிரி எறங்கும். இவரு டிவிக்கு முன்னாடி உக்காந்து "வேணாம்"னு தலைய ஆட்டுவாரு. நான் அந்தப் பக்கம் உளுந்து களைஞ்சுக்கிட்டே பாப்பேன்.

நான் அப்பவே சொன்னேன். "இந்தா, இவன் மொகத்தப் பாத்தா டாக்டர் மாதிரியா இருக்கு? டாக்டருன்னா காலையில கிளினிக்குல இருக்க மாட்டானா? டிவியில என்ன வேல?"ன்னேன். கேட்டாத்தானே. "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"னாரு. ஆமா, நான் விளம்பரத்த நம்புற ஆளே கெடையாது. பல்லு வெளக்குற பேஸ்டு மட்டும் டாக்டருங்க சிபாரிசு பண்றதுன்னு போட்டிருக்கும்ல, அத வாங்குவேன். அது வேற விசயம்.

ஒரு நா போன் போட்டு நிகழ்ச்சியில பேசிட்டாரு. லைன் கெடச்சிருச்சு. "வணக்கம் கொம்பையா அய்யா"ன்னு டிவிக்குள்ள இருந்து அவன் கூப்பிடுறான். எங்க தெருவே கேட்டுச்சு. அன்னைக்குப் பூரா இவருக்குத் தரையில கால் பாவல. மறுநா காலையில பாக்குறேன், ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் குப்பத்தொட்டியில கெடக்கு. நான் பொறுக்கி எடுத்துக் கழுவி வச்சேன். அவரு திரும்பவும் தூக்கிப் போட்டாரு. அதுக்கு மேல நான் என்னம்மா செய்ய? வாயில திணிக்கவா முடியும்?

பொடி வந்துச்சு. தபால்ல வந்துச்சு. காலையில வெந்நியில, ராத்திரி மோர்ல. கசப்புன்னா அப்பிடி ஒரு கசப்பு. இவருக்கு அந்தக் கசப்பே நம்பிக்கை. இம்புட்டுக் கசந்தா மருந்தாத்தானே இருக்கணும்னு.

பெறகு ஷெட்டுப் பக்கம் சும்மா போன எடத்துல கால்ல ஒரு கம்பி குத்திருச்சு. சின்னக் காயம். வலியே இல்லன்னாரு. வலி இல்லங்கிறதுதான் ஆபத்துன்னு அப்பறம் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. காயம் ஆறல. சீழ் வச்சுச்சு. "ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு நான் கத்துறேன், இவரு டிவிக்குப் போன் போடுறாரு. அவன் சொல்றான், "கவலைப்படாதீங்க அய்யா, உடம்பில் உள்ள கெட்ட நீர் வெளியேறுகிறது. பொடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்." அம்மா, நான் என் ரெண்டு காதால கேட்டேன்மா. கெட்ட நீராம். வெளியேறுதாம்.

காலு கருத்துப் போயி, காய்ச்சல்ல ஒளற ஆரம்பிச்சப்பதான் தூக்கிட்டுப் போனோம். ரெண்டு வெரல எடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா கெண்டைக்காலோட எடுத்திருப்போம்னு சொன்னாங்க. மாத்திரைய நிறுத்துனது யாருன்னு கேட்டு என்னையத் திட்டுறாங்க. என்னைய! கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற மனுசன் அப்பவும் என்ன சொல்றாருங்கிறீங்க? "டிவி டாக்டர் புளி சேக்கக் கூடாதுன்னாரு. நீதான் ரசத்துல சேத்துட்ட."

எனக்கு வந்துச்சே ஆத்திரம். அழுகை இல்லம்மா, ஆத்திரம். நேரா வெளிய வந்து பச்ச டப்பாவுல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. தேனா ஒழுகுது. நான் வெரல எடுத்தத, சீழ் வச்சத, எல்லாத்தயும் சொல்றேன். அது பூராத்தயும் கேட்டுட்டு, "மேடம், முறைப்படி சாப்பிடாமல் இருந்திருப்பார். கால் புண்ணுக்கு எங்களிடம் தனியாக ஒரு தைலம் இருக்கிறது, அனுப்பட்டுமா?"ங்குது. போன அந்தச் செவத்துலயே எறிஞ்சிருப்பேன், என் மகன் வாங்கிக் குடுத்த போனுன்னு விட்டேன்.

மகன் திருப்பூர்ல இருக்கான். "விடும்மா, பெரிய கம்பெனி, நம்மளால என்ன முடியும்"னான். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. என்ன முடியும்னு செஞ்சு பாத்தாத்தானே தெரியும்?

இப்ப கேளுங்க. இவரு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. விருதுநகர்ல எங்க நாத்தனார் பேத்திக்குக் கல்யாணம். போகாம இருக்க முடியாது, போனாலும் உள்ளுக்குள்ள நிம்மதி இல்ல. முகூர்த்தத்துக்குப் போயி தலையக் காட்டிட்டுத் திரும்பிருவோம்னு போறேன். மண்டப வாசல்ல, இப்பல்லாம் வைக்கிறாங்கல்ல, ராஜா வேசம் போட்ட ஆளு. ஜிகினா அங்கி, தலையில கிரீடம், ஒட்டு மீசை. வர்றவங்களுக்குப் பன்னீர் தெளிச்சு, "வாருங்கள், வாருங்கள், தங்கள் வரவு நல்வரவாகுக"ன்னு கும்பிடுறான்.

அந்தக் குரலக் கேட்டதும் என் காலு அங்கேயே நின்னு போச்சு.

மொகம் பூரா ரோஸ் பவுடரு. இருந்தாலும் குரலு? அந்தக் குரல நான் நித்தம் உளுந்து களையுறப்ப கேட்டவ. கெட்ட நீர் வெளியேறுதுன்னு சொன்ன குரல் அது. நேரா முன்னால போயி நின்னேன்.

"டாக்டர் ஞானவேந்தன் தானே நீ?"

"நீங்க வேற யாரையோ நெனச்சு..."ன்னு இழுக்குறான். டிவியில பேசுற தமிழெல்லாம் போச்சு, நம்மள மாதிரிப் பேசுறான்.

நான் விடல. கல்யாண வீடுன்னு கூடப் பாக்கல. "என் புருசன் காலு வெரல எடுத்தாச்சுடா. ஒன் பேச்சக் கேட்டு மாத்திரையத் தூக்கிப் போட்டாரு. டாக்டருன்னு சொல்லி ஊரக் கெடுத்துட்டு இங்க நின்னு கிரீடம் வச்சுக் கும்பிடுறயா?"ன்னு கேட்டேன். எங்க நாத்தனாரு ஓடி வருது, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, "அத்தாச்சி, உள்ள வாங்க, அத்தாச்சி"ன்னு என் கையப் பிடிச்சு இழுக்குறாங்க. எனக்கு ஒருத்தரும் கண்ணுல தெரியல.

அவன் ஒன்னு கேட்டான். அதுதான் என்னையக் கொஞ்சம் நிறுத்துச்சு. "அவரு உயிரோட இருக்காராம்மா?"ன்னான்.

இருக்காருன்னேன். அப்பிடியே செவத்துல சாஞ்சுட்டான். கிரீடம் ஒரு பக்கமாச் சரிஞ்சு போச்சு.

அவன் பேரு சூசைமாணிக்கம். மேடை நாடகத்துல ராஜபார்ட்டு. நாடகத்துக்கு இப்ப கூப்பிடுறவங்க கொறஞ்சு போக, கல்யாண வாசல்ல நிக்கிறான். அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு கல்யாணத்துல குரலக் கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. "விளம்பரப் படம்னாங்கம்மா. டாக்டர் வேசம்னாங்க. நான் வேசம் கட்டுறவன்தானே. மேடையில கொலை பண்றேன், என்னைப் போலீஸா பிடிக்குது?"ன்னு கேக்குறான்.

"மேடையில நீ ராஜான்னு சொன்னா ஒருத்தனும் வரி கொண்டாந்து கட்ட மாட்டான். இங்க நீ டாக்டருன்னு சொல்லி எங்க வீட்டுல மருந்தயே நிறுத்திட்டாரு"ன்னேன்.

"வா, வந்து அந்த மனுசன் மொகத்தப் பாத்து, நான் டாக்டர் இல்லன்னு சொல்லு. அதுக்கு மேல ஒன்னும் கேக்கல"ன்னேன். வர மாட்டான்னுதான் நெனச்சேன். பந்தி முடியிற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் வேசத்தக் கலைச்சுட்டு ஒரு கட்டம் போட்ட சட்டையோட வந்து நின்னான். மொகம் கழுவியும் காது மடல்ல பவுடர் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள நொழையிறோம். நான் முன்னாடி, அவன் பின்னாடி. மனசுக்குள்ள நான் பேச வேண்டியதெல்லாம் கோத்து வச்சிருக்கேன். "இந்தா பாருங்க ஒங்க டாக்டரு, கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறான்"னு ஆரம்பிக்கணும்னு. கட்டில்கிட்டப் போறதுக்குள்ள இவரு பாத்துட்டாரு. எந்திரிக்க முடியாத மனுசன், ரெண்டு கையயும் ஊனி எந்திரிச்சு உக்காருறாரு. கையெடுத்துக் கும்பிடுறாரு. கண்ணுல தண்ணி.

"டாக்டர் அய்யா! என்னைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பக்கத்துக் கட்டில்காரங்களெல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. அந்தச் சூசைமாணிக்கம் நின்ன எடத்துலயே நிக்கிறான். "அய்யா, நான் வந்து..."ன்னு ஆரம்பிக்கிறான். இவரு விடவே இல்ல. அவன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "நான் முறையாத்தான் சாப்பிட்டேன் டாக்டர். எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க. இவங்க சர்க்கரைக்கு ஊசி போடணுங்கிறாங்க. போடட்டுமா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

அவன் என்னையப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். சொல்லுடா, சொல்லுடான்னு என் மனசு அடிச்சுக்குது.

அவன் சொன்னான்மா. என்ன சொன்னான் தெரியுமா? தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு, அந்த டிவிக் குரல எடுத்து, "கொம்பையா அய்யா, பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது உங்களுக்கு வேண்டாம். இந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஊசியை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்"ன்னான்.

"சரி டாக்டர்"னாரு. நம்புவீங்களா? நான் கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன், கேக்கல. படிச்ச டாக்டருங்க திட்டுனாங்க, கேக்கல. இவன் சொன்னதும் ஊசிக்குக் கையக் காட்டுறாரு, பச்சப்புள்ள மாதிரி.

வெளிய வந்து அவன் சட்டையப் பிடிச்சேன். "நான் ஒன்ன எதுக்குக் கூட்டிட்டு வந்தேன், நீ என்ன பண்ணிட்ட?"ன்னேன். "அந்த நேரம் நான் டாக்டர் இல்லன்னு சொல்லியிருந்தா, அவரு ஊசியும் வேணாம்னு சொல்லியிருப்பாரும்மா"ன்னான். அதுலயும் நியாயம் இருந்துச்சு. அந்த நியாயந்தான் எனக்கு ஆத்திரத்த இன்னும் கூட்டுச்சு.

வீட்டுக்கு வந்துட்டோம். ஊசி ஒழுங்காப் போட்டுக்கிறாரு. யாரு கேட்டாலும் "எங்க டாக்டர் சொல்லியிருக்காரு"பாரு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பக்கம் வக்கீலம்மாவப் போய்ப் பாத்தேன். தமயந்தின்னு பேரு, எங்கட்ட மாவு வாங்குறவங்கதான். நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டாங்க. கம்பெனிக்காரன் பதில் போடுறான்: அது மருந்தே இல்லையாம், உணவுப் பொருளாம். டாக்டருன்னு அவங்க சொல்லவே இல்லையாம், படத்துக்கு அடியில 'காட்சிகள் சித்திரிக்கப்பட்டவை'ன்னு எழுத்து ஓடுதாம். வக்கீலம்மா அதப் போட்டுக் காட்டுச்சு. எறும்பு ஊர்ற மாதிரி ஓடுதும்மா. அதப் படிக்கணும்னா டிவிக்குள்ள தலைய விடணும்.

வக்கீலம்மா சொல்லுச்சு, "அந்த நடிகர் வந்து சாட்சி சொன்னா நாம ஜெயிக்கலாம்." சூசைமாணிக்கம் வர்றேன்னுட்டான். ஆனா அவனே என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டான். "நான் கோர்ட்டுல சொன்னா பேப்பர்ல வரும்மா. அய்யா பாப்பாரு. அப்பறம் ஊசியத் தூக்கிப் போட்டுட்டாருன்னா?"

அந்தக் கேள்வி என்னையத் தூங்க விடல. ஊருல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, "சும்மா இரு சந்தனமாரி, அவரு நம்பிக்கையில நல்லா இருக்காருல்ல, அதக் கெடுக்காத." நல்லா இருக்காராம்! பொய்யச் சாப்பிட்டு வெரலு போச்சு, இப்பப் பொய்யச் சாப்பிட்டு ஒடம்பு தேறுதாம். நாளைக்கு வேற ஒருத்தன் வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து வேற ஒன்னச் சொன்னா? அப்பவும் தலைய ஆட்டுவாருல்ல? என் புருசன் ஆயுசு பூரா ஏமாந்தே பொழைக்கணுமா? நான் ஒத்துக்க மாட்டேன்னேன். யாரு என்ன சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

காலையில கிரைண்டர நிறுத்திட்டு அவரு முன்னாடி உக்காந்து சொன்னேன். எல்லாத்தயும் சொன்னேன், கிரீடம் வரைக்கும். அவரு நம்பல. "ஒனக்கு அந்த மனுசன் மேல பொறாம. அவரு என்னைய மதிச்சுப் பேசினாரு, ஒனக்கு அது பொறுக்கல"ன்னாரு. அம்மா, வாழ்ந்த வாழ்க்கையில எவ்வளவோ கேட்டிருக்கேன். அந்த வார்த்த இருக்கே... சரி விடுங்க. "அப்ப கோர்ட்டுக்கு வாங்க, ஒங்க காதால கேளுங்க"ன்னேன். வர்றேன்னாரு. எனக்காக இல்ல, அவரு டாக்டருக்குத் தொணையா நிக்கறதுக்கு. சலவைச் சட்ட போட்டுக்கிட்டு, கம்ப ஊனிக்கிட்டு வந்தாரு.

கோர்ட்டுல சூசைமாணிக்கத்தக் கூப்பிட்டாங்க. கம்பெனி வக்கீல் கோட்ட மாட்டிக்கிட்டு உர்ருன்னு நிக்கிறாரு. "உங்கள் படிப்பு?"ன்னு நம்ம வக்கீலம்மா கேட்டுச்சு. "பத்தாவது பெயிலுங்க." "தொழில்?" "நடிகனுங்க. மேடையிலயும், மண்டபத்து வாசல்லயும்." "டாக்டருக்குப் படித்தீர்களா?" "இல்லங்க. கழுத்துல மாட்டுற அந்தக் கொழா கூட எனக்கு எப்பிடிக் காதுல வைக்கிறதுன்னு தெரியாதுங்க." அங்க ரெண்டு பேரு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நான் இவர் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மொகத்துல ஒன்னும் இல்ல. சும்மா வெறிச்சுக் கெடந்துச்சு.

வெளிய வந்து வேப்ப மரத்துக்கிட்ட அந்தச் சூசைமாணிக்கம் நின்னான். கிட்ட வரப் பயந்துக்கிட்டு நிக்கிறான். இவரே போனாரு. போயி நின்னு, மெதுவாக் கேட்டாரு.

"கெட்ட நீர் வெளியேறுதுன்னு சொன்னீங்களே. அது யாரு சொன்னது?"

"அட்டையில எழுதிக் காட்டுவாங்கய்யா. நான் படிப்பேன்."

"எல்லாமே அட்டைதானா?"

"ஆமாய்யா."

"அன்னைக்குப் போன வைக்கிறப்ப, சாப்பிட்டீங்களா கொம்பையான்னு கேட்டீங்க. அது?"

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அது அட்டையில இல்லய்யா. நானாக் கேட்டது."

இவரு தலைய ஆட்டுனாரு. கம்ப ஊனிக்கிட்டுப் பஸ் ஏற நடந்தாரு.

கேஸ் ஜெயிச்சோம்மா! அந்த விளம்பரத்த நிறுத்தணும், டாக்டர் இல்லன்னு அதே டிவியில சொல்லணும்னு உத்தரவாச்சு. நட்ட ஈடும் சொன்னாங்க, அத விடுங்க. எங்க தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. வீட்டுக்குள்ள மட்டும் எழவு விழுந்த மாதிரி. ஏன்னா இவரு ஊசிய நிறுத்திட்டாரு. சூசைமாணிக்கம் பயந்தது நடந்துருச்சு. பொடியும் வேணாமாம், ஊசியும் வேணாமாம். "இவன் வேசம்னா, அங்க ஆஸ்பத்திரியில இருக்கிறது மட்டும் வேசம் இல்லன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதுவும் வெள்ளக் கோட்டுதானே?"ன்னு கேட்டாரு. என்னையவே கேட்டாரு, "நீ சொல்றது நெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" சோத்தத் தட்டுல வச்சாக் கூட மோந்து பாத்துத்தான் வாயில வைக்கிறாரு. ஊருல சொன்னாங்க, பாத்தியா, ஒன்னாலதான்னு. நான் சொன்னேன், என்னால இல்ல, அந்தப் பச்ச டப்பாவால. நான் பொய்ய வெளிய எடுத்தேன். புண்ணுக்குள்ள இருந்த சீழ எடுத்தவள ஏன் புண்ணு பண்ணினன்னு கேக்குறதா?

கட்டு மாத்துறதுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அன்னைக்கு ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு இருந்துச்சு. இவரு நேராக் கேட்டுட்டாரு, "நீ நெச டாக்டர்தானா, தாயி?" எனக்கு ஒடம்பு கூசிப் போச்சு. அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்னு பாத்தா, சிரிச்சுச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு. "அய்யா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. மெக்கானிக்குன்னாரு. "வண்டியில டீசல் இருக்கான்னு டிரைவர் சொல்றத நம்புவீங்களா, மீட்டரப் பாப்பீங்களா?" "மீட்டர."

சர்க்கரை பாக்குற சின்ன மிசின எடுத்து அவரு கையில குடுத்துச்சு. "என்னைய நம்ப வேணாம். நீங்களே குத்தி, நீங்களே பாருங்க. ஊசி போட்டா என்னா ஆகுது, போடாட்டி என்னா ஆகுதுன்னு இது சொல்லும்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு வெரலக் குத்திக் குத்திப் பாத்தாரு. மிச்சம் கெடந்த அந்தப் பொடியக் கூட ஒரு வேளை குடிச்சுப் பாத்துட்டு, மிசினப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயி டப்பாவச் சாக்கடையில கவுத்தாரு. ஊசி அன்னையில இருந்து அவரேதான் போட்டுக்கிறாரு. இப்ப யாரு பேச்சும் வேணாம் அவருக்கு, என் பேச்சு உள்பட.

கம்பெனிக்காரன் திருந்துனான்னு நெனைக்கிறீங்களா? டிவியில மன்னிப்பப் போட்டான், ஆளு அசந்த நேரத்துல, அதே எறும்பு எழுத்துல. அப்பறம் டப்பாவச் செவப்பா மாத்தி, பேர 'இனிப்புவிடை'ன்னு மாத்தி, டாக்டரப் பொம்பளையா மாத்திட்டான். இப்ப ரேடியோவுல கொஞ்சுச்சே, அதே பொடிதான். காரியாபட்டியில ஒருத்தருக்குக் கண்ணு மங்கிப் போச்சாம். அவரு சம்சாரம் கேஸ் போடப் பயப்படுது. நான் போயிக் கூட்டிட்டு வக்கீலம்மாட்ட விடப் போறேன். அவன் எத்தன தடவ பேர மாத்துறான்னு பாப்போம். நானும் எத்தன தடவ பஸ் ஏறுறேன்னு அவன் பாக்கட்டும்.

சூசைமாணிக்கமா? பாவம், பேப்பர்ல 'போலி டாக்டர்'னு போட்டோ வந்ததுல மண்டபத்துக்காரங்களும் கூப்பிடல. நான்தான் நம்ம கடையில சேத்துக்கிட்டேன். வண்டியில மாவ வச்சுக்கிட்டுத் தெருத்தெருவாப் போவான். "தாய்மார்களே, இன்று காலை அரைத்த புத்தம் புதிய மாவு!"ன்னு அந்தக் குரல்ல கூவுனான்னா, கதவு ஒவ்வொன்னாத் தொறக்கும்மா. யாவாரம் எங்கேயோ போயிருச்சு.

இதுல இவருக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. வாசல்ல உக்காந்துக்கிட்டு அவனத் தடுக்குறாரு. "நேத்து மாவும் கலந்துருக்குல்ல, அதயும் சேத்துச் சொல்லிட்டுப் போ"ங்கிறாரு! கொஞ்சம் கலக்கத்தான் செய்வோம். மிஞ்சுனத கீழயா கொட்ட முடியும்? புளிப்புக்கும் நல்லது. அதப் போயி தெருவுல நின்னு கூவச் சொல்ற மனுசன எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா? நேத்து அந்தச் சூசைமாணிக்கமும் வண்டிய எடுக்காம நிக்கிறான், அய்யா சொல்றதும் சரிதானேம்மான்னு. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. "இந்தா, நான் கோர்ட்டு ஏறி ஜெயிச்சவ, எனக்கே பாடமா"ன்னு கேட்டேன். மாவு பூரா அப்பிடியே பொங்கிக் கெடக்கு, ஒருத்தனும் அசையல.

காரியாபட்டி வந்துருச்சு போல. சரி, நான் எறங்கிக்கிறேன். ஏம்மா, நீங்களே சொல்லுங்க, நான் என்ன அந்தப் பொடிக்காரனா?

என்னம்மா, பேச மாட்டேங்கிறீங்க?